திங்கட்கிழமை அனுப்புகிறவன்

ஐம்பத்தேழு வயது மனிதர் ஒருவர் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு டீப் ஹவுஸ் என்கிற மேல்நாட்டு இசையைக் கேட்கிறார் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள், தப்பில்லை. தங்கத்துரைக்கே அந்தப் பேர் தெரிந்து ஒரு வருஷம்தான் இருக்கும். பாட்டென்றால் பாட்டும் இல்லை அது. வார்த்தை கிடையாது, வார்த்தை வந்தாலும் ஒரே வார்த்தை, அதையே சொல்லிக்கொண்டிருப்பான். அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு உரசல், எங்கோ தூரத்தில் ஒரு பியானோ. அவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏழெட்டு நிமிஷம் ஓட்டுவார்கள்.

அன்று திங்கட்கிழமை. பெயின்ட் வாளியைத் திறக்கும் முன்னாலேயே அவர் போனைத் திறந்துவிட்டார். புதுசு வந்திருந்தது. முதல் பாட்டைத் தட்டினார்.

"என்னண்ணே, இன்னைக்கும் அந்த டொக்கு டொக்குதானா?" என்றான் பக்கத்துச் சாரத்தில் நின்ற தவசி. திருவாடானைப் பக்கத்துக்காரன், வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மழை இல்லாத வருஷங்களில் பெயின்ட் அடிக்க வந்து, மழை பெய்த பிறகும் ஊர் திரும்பாதவன். "கீழ மோட்டார் ரூம்ல போய் உக்காந்தா ஓசியிலயே கேக்கலாமுல்ல."

தங்கத்துரை வாளியின் மூடியை நெம்பினார். அவர் பதில் சொல்வதை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. தவசியும் பதில் வருமென்று கேட்பதில்லை. ஆடி அமாவாசைக்கு உலகமே திதி கொடுக்க ராமேஸ்வரம் வந்து இறங்கும். அதற்குள் இந்தச் சுவரில் உப்புக்காற்று உரித்ததையெல்லாம் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கை பெயின்ட் ஓட்டிக் கொடுக்க வேண்டும். வேலை தலைக்கு மேல் கிடந்தது.

பதினோரு மாதத்துக்கு முன்னால், போன ஆனியில், தங்கத்துரையின் மகன் விஜிதரன் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் லாரியில் அடிபட்டுப் போனான். இருபத்தாறு வயது. மண்டபம் அகதி முகாமில் பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, முகாமின் முக்கால்வாசி ஆண்பிள்ளைகளைப்போல அப்பனோடு பெயின்ட் வேலைக்குப் போனவன். பைக் நசுங்கிப் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்த போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விதியென்று சொல்வதா, அதன் திமிரென்று சொல்வதா தெரியவில்லை.

தங்கத்துரை அழவில்லை. மனைவி அருந்ததி தலையில் அடித்துக்கொண்டு உருண்டாள். மகள் கஜனி அழுதழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தாள். இவர் மட்டும் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, தொட்டால் கன்னம்தான், ஆனால் நம்முடையது இல்லை என்பதுபோல, அப்படி இருந்தது அவருக்கு நெஞ்சு. கல்நெஞ்சுக்காரன் என்று யாரோ வெளியில் நின்று சொன்னார்கள். அதுவும் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

ஈழத்து ஆட்களுக்குச் சாவு என்றால் முதல் வேலை அறிவித்தல்தான். படம் போட்டு, பிறப்பு இறப்பு போட்டு, இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு அண்ணன் என்று எழுதி, கடல் கடந்து சிதறிக் கிடக்கும் சாதிசனம் அத்தனைக்கும் அனுப்பியாக வேண்டும். நன்மைக்குச் சொல்லாமல் விட்டால் மன்னித்துவிடுவார்கள். தின்மைக்குச் சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் முகத்தில் விழிக்கமாட்டார்கள். திருகோணமலைக்குச் சொன்னார்கள், டொராண்டோவுக்குச் சொன்னார்கள், பாரிசுக்குச் சொன்னார்கள். வேலித் தகராறில் பேச்சு விட்டுப்போன ஒரு மச்சான் நோர்வேயிலிருந்து அழைத்து, பேசாமல் அழுதுவிட்டு வைத்தான். தெரியவேண்டிய அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை விஜிதரனின் போன் ஒருதரம் அதிர்ந்தது.

அந்தப் போனைத் திறக்க விரலால் இழுக்கவேண்டிய கோடு தங்கத்துரைக்குத் தெரியும். கையெல்லாம் பெயின்டாக இருக்கும்போது மகன் அப்பனைத்தான் திறந்து தரச் சொல்வான். திறந்தார். ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் மகன் பேரை எந்தப் பாஷையில் எழுதினாலும் அப்பனுக்குத் தெரியாதா? விஜிதரனுக்காக என்று போட்டு, கீழே நீளமாகப் பாட்டுகள்.

சட்டென்று நினைவு வந்துவிட்டது. திங்கட்கிழமை என்றால் விஜிதரன் சாரத்தில் ஏறும்போதே முகம் மலர்ந்திருப்பான். "இண்டைக்குப் புதுசு அனுப்பியிருக்கிறான் அப்பா. என்ர மனசை அறிஞ்சு அனுப்புறான். நான் கேள்விப்படாத ஊரில, நான் கேள்விப்படாத ஆள் போட்ட பாட்டை எங்கயோ தோண்டி எடுத்து அனுப்புறான்." அதற்கு முன்னால் ஒருதரம், பாம்பனுக்கு இந்தப் பக்கம், காற்றாடி கட்டிக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வரும் ஓர் இடத்துக்கு இவர்கள் பெயின்ட் அடிக்கப் போனார்கள். அங்கே சின்ன ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்ததுதான் இந்த டொக்கு டொக்கு. விஜிதரன் ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போய் என்ன பாட்டென்று கேட்டு வந்தான். அன்று பிடித்த பைத்தியம். அங்கே பழகின யாரோ ஒருத்தன்தான் வாராவாரம் அனுப்புகிறான் என்று தங்கத்துரை அப்போதே முடிவு கட்டிவிட்டார். "என்னை நல்லா அறிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்" என்று ஒருநாள் மகன் சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றுகூட இருந்தது. பெத்தவன் பக்கத்தில் நிற்கிறேன், அறிஞ்சவன் எவனோவா?

ஆக, ஓர் ஆள் விடுபட்டுப்போனான். செய்தி போகவேண்டிய ஓர் ஆளுக்குப் போகவில்லை.

சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தார், சத்தியமாக. முதல் வாரம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டாம் வாரமும் புதுசு வந்தது. மூன்றாம் வாரமும் வந்தது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது: இந்த ஒருத்தனுக்கு விஜி இன்னும் இருக்கிறான். திங்கட்கிழமை விஜி சாரத்தில் ஏறுவான், புதுசைக் கேட்பான், பிடித்ததற்கு ஹார்ட் போடுவான் என்று நம்பி எங்கேயோ ஒருத்தன் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறான். மண்டபத்தில் விஜி இல்லை, திருகோணமலையில் இல்லை, டொராண்டோவில் இல்லை. அந்த ஒருத்தன் நினைப்பில் மட்டும் இருக்கிறான். அதையும் தன் வாயால் ஊதி அணைப்பதா?

சொல்லாமல் இருப்பதென்றால் சும்மா இருந்தால் ஆகுமா? பாட்டைக் கேட்காமல் விட்டால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். எனவே தங்கத்துரை கேட்கத் தொடங்கினார். மகன் கேட்பதுபோலவே கேட்டார். சாரத்தில் ஏறினதும் தொடங்கி, வரிசை குலையாமல், கடைசிவரை.

முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது, ஒரே தண்ணீரில் முப்பது செம்பு மொண்டதுபோல. ஆனால் நாள்பட நாள்பட அந்தக் காதுக்குள் என்னவோ திறந்தது. அடித்தட்டு எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்று நெஞ்சில் விழுகிறது, ஒன்று முழங்காலில் விழுகிறது என்று தெரிந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் போட்டதற்கு ஒரு அசைவு உண்டு, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் சோம்பலாய் ஒரு இழுப்பு. டெட்ராய்ட்காரன் பாட்டில் தூசி சத்தம் இருக்கும், அதைத் துடைக்காமல் வேண்டுமென்றே விட்டிருப்பான். ஊர்ப்பேரெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான். நாலு நிமிஷமாய்க் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு சலசலப்பைத் திடீரென்று எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகுதான், அடடே, இவ்வளவு நேரமும் அது இருந்ததா என்று தெரியும். ரோலர் அந்தத் தட்டுக்கு ஏறி இறங்கும். தங்கத்துரை அடித்த சுவரில் அந்தப் பதினோரு மாதமும் ஒரு திட்டு, ஒரு கோடு விழவில்லை என்று மேஸ்திரியே சொன்னார். சந்தோஷப்பட்டாரா என்று கேட்காதீர்கள். கேட்டார், அடித்தார், அவ்வளவுதான்.

வார்த்தை இல்லாததுதான் வசதி. சினிமாப் பாட்டென்றால் அம்மா, அப்பா, பிள்ளை, பிரிவு என்று எங்காவது ஓரிடத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். இது எதையும் கேட்காது. அருந்ததிக்கு மட்டும் அந்தச் சத்தம் ஆகாது. ஒருநாள் ஒயர் கழன்று வீட்டுக்குள் அது கேட்டுவிட, "நிப்பாட்டுங்கோ, அவன் நடந்து வாறமாதிரி இருக்குது" என்று காதைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு வேலையிடத்தில் மட்டும்தான்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் பங்குனி வாக்கில் வருவது மாறத் தொடங்கியது. துள்ளிக்கொண்டு வந்தவை குறைந்து, மெதுவாக நடப்பவை வந்தன. பிறகு நடக்கக்கூட மனசில்லாதவை வந்தன. அன்று லாட்ஜ் சாரத்தில் நின்று கேட்ட முதல் பாட்டில் தட்டே இல்லை. மழை பெய்வதுபோல் ஒரு இரைச்சல், அதற்குள் ஒரே ஒரு சுரம், வருவதும் போவதும். தங்கத்துரை ரோலரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அல்லது தெரியப்போகிறது. விஜிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று மோப்பம் பிடித்து, கவலைப்பட்டுக் கவலைப்பட்டு அனுப்புகிறான்.

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தங்கத்துரை வாயைத் திறந்தார். தவசிக்கு முதலில் நம்பிக்கையில்லை, இந்த மனுசன் பேசுகிறாரா என்று. முழுசையும் சொன்னார். சோற்றில் கை வைக்காமல் சொன்னார்.

தவசி சிரிக்கவில்லை. அவனுக்கும் போன் விவகாரமெல்லாம் தெரியாது, குத்துப்பாட்டுப் போடத்தான் தெரியும். ஆனால் சாவு விவகாரம் தெரியும்.

"சொல்லிருங்கண்ணே" என்றான். "எங்க ஊர்ல சாவுக்குக் கேதஞ் சொல்லாம விட்டா அதவிடப் பெரிய குத்தம் கிடையாது. அந்தப் பய பாவமுல்ல? வாரம் தவறாம அனுப்புறான். நாளைக்கு உங்கள தேடிக்கிட்டு இங்கன வந்து நின்னு, விஜி எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"சொன்னா அனுப்பமாட்டான்."

"அனுப்பமாட்டான்தான்."

"பிறகு விஜி..." என்று தொடங்கி, தங்கத்துரை நிறுத்திக்கொண்டார்.

தவசி தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினான். "வருசம் திரும்புதுண்ணே. விஜி திவசத்துக்கு முன்னாடி சொல்லிருங்க. ஒருத்தன இருட்டுல வச்சுக்கிட்டு நீங்க எள்ளும் தண்ணியும் விட்டா அது விஜிக்குச் சேராது."

சேராது என்ற சொல் குத்தியது. சாயங்காலம் பஸ்ஸில் பாலம் தாண்டி வரும்போதெல்லாம் அதையேதான் மனசுக்குள் புரட்டினார். சொன்னால் மகன் அங்கேயும் இல்லாமல் போவான். சொல்லாவிட்டால், மகனை அவ்வளவு நேசித்த ஒருத்தனுக்குச் செய்கிற துரோகம். முகாம் வாசலில் இறங்கும்போது முடிவுக்கு வந்திருந்தார். முடிவுக்கு வந்ததற்காக மனசு கனக்கவும் இல்லை, லேசாகவும் இல்லை. அதே மரத்துப்போன கன்னம்தான்.

வீட்டுக்கு வெளியே படியில் கஜனி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், ஆங்கிலம் தண்ணீர் பட்டபாடு. தங்கத்துரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினார்.

"பிள்ளை, இதில ஒராளுக்கு இங்கிலிஸில ஒரு அறிவித்தல் எழுதவேணும்."

"ஆருக்கப்பா?"

"அண்ணாவுக்குத் திங்கட்கிழமையில பாட்டு அனுப்புறவன். அவனுக்கு நாங்கள் சொல்லேல்லை. நான்தான் சொல்லாமல் வைச்சிருந்தனான். மன்னிக்கச் சொல்லி முதல்ல எழுது. பிறகு விசயத்தை எழுது."

கஜனி போனை வாங்கிப் பார்த்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மடித்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதும், சொல்வதா விடுவதா என்று அவள் தவிக்கிறாள் என்பதும் யாருக்கும் தெரிந்திருக்கும். தங்கத்துரைக்குத்தான் தெரியவில்லை. எழுத்துக்கு யோசிக்கிறாள் என்று காத்திருந்தார்.

"அப்பா" என்றாள் கடைசியில். "இது ஆள் இல்லை."

"என்ன?"

"இதை ஆரும் அனுப்பேல்லை. இது கம்ப்யூட்டர். நாங்கள் எதைக் கேக்கிறம், எதைப் பாதியில விடுறம், எதுக்கு ஹார்ட் போடுறம் எண்டு பாத்து, அதுமாதிரிப் புதுசைத் தேடித் தானாத் தரும். எல்லாருக்கும் தரும். இஞ்ச பாருங்கோ."

அவள் தன் போனை எடுத்துத் திறந்து காட்டினாள். அதே எழுத்து, அதே நிறம். விஜிதரன் என்ற இடத்தில் கஜனி என்று இருந்தது. தங்கத்துரை இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 

"அப்ப, பங்குனியில இருந்து கவலைப்பட்டுக் கவலைப்பட்டு அனுப்பினானே?"

"அது நீங்கள், அப்பா." கஜனி மடியிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நீங்கள் துள்ளுற பாட்டையெல்லாம் தொடங்கின உடன நிப்பாட்டியிருக்கிறியள். மெதுவா இருக்கிறதைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறியள். அது உங்கட மனசைப் பாத்து அனுப்பியிருக்கு."

நிப்பாட்டினதுண்டு. உண்மைதான். கடைசிவரை கேட்கவேண்டும் என்று வைராக்கியமாய்த் தொடங்கி, மாசியிலிருந்தே, துள்ளுவது வந்தால் விரல் தன்னையறியாமல் அடுத்ததைத் தட்டிவிடும். அதைப் பெரிய குற்றமாக அவர் நினைத்ததில்லை.

"இதில விஜியின்ர ஒண்டும் இல்லையோ?"

"முதல் கொஞ்ச நாள் அண்ணாவின்ர. பிறகு நீங்கள் கேக்கக் கேக்க மாறியிருக்கு. இப்ப இதில அண்ணா இல்லை அப்பா. முழுக்க நீங்கள்தான்."

தங்கத்துரை போனைத் திருப்பிப் பார்த்தார். மகனைக் காப்பாற்றி வைக்கிறேன் என்று பதினோரு மாதமாய்ச் சாரத்தில் நின்று கேட்டது அத்தனையும், ஒவ்வொரு பாட்டாய் மகனைத் துடைத்துவிட்டிருக்கிறது. பழைய நிறத்தின்மேல் புதுசு அடிப்பதுபோல அவரே அடித்துவிட்டார், ஒரு திட்டு தெரியாமல்.

"நான் கேட்டுக் கேட்டு அழிச்சுப்போட்டனோ, பிள்ளை?"

கஜனி நெருங்கி உட்கார்ந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது பட்டி காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

"அப்ப, அவன் செத்தது தெரியாத ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை" என்றார் அவர். கேள்வியாகவும் கேட்கவில்லை, பதிலாகவும் சொல்லவில்லை.

"இல்லையப்பா."

உள்ளே அருந்ததி டொராண்டோவுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். திவசத்துக்கு நாள் குறித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவள், போனைக் கையால் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்துக் கேட்டாள்:

"இஞ்சருங்கோ, இன்னும் ஆருக்காவது சொல்லக் கிடக்கோ?"

தங்கத்துரை எழுந்து நின்றார்.  

"இல்லை, அருந்ததி. ஒருத்தரும் மிச்சம் இல்லை. எல்லாருக்கும் தெரியும்."

சொன்னவர் அப்படியே படியில் மடிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினார். அருந்ததி போனைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், என்னவோ ஏதோ என்று. புதுசாக ஒன்றும் இல்லை. ஊருக்கெல்லாம் போன ஆனியில் செத்த விஜிதரன், அப்பனுக்கு அன்றைக்குத்தான் செத்தான்.